தொண்ணூற்றொன்பது நாள்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் சேமிக்கப்படுகிறது என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. அவசரத்துக்கு இன்னொரு முறை தட்டினால் உள்ளதும் போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மணி இரண்டே முக்கால். நிரப்ப வேண்டிய பெட்டிகள் இன்னும் ஒன்பது இருந்தன.

அந்த ஆராய்ச்சி அறை ஒரு காலத்தில் மருந்துக் கிடங்காக இருந்தது. சுவரோரமாக இரும்பு அடுக்குகள், அவற்றில் பதினொரு சிறு மருத்துவமனைகளின் சிறுநீரக நோய்ப் பதிவேடுகள். ஓரம் மடிந்த, ஈரம் பட்டு வீங்கிய அந்தப் பதிவேடுகளை வரி வரியாகப் படித்துக் கணினியில் ஏற்றியவள் அக்காதான். ஏழு வருஷ வேலை. எந்த மருத்துவமனையில் எந்த நர்ஸ் ஒன்றை ஏழு மாதிரி எழுதுவாள் என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி.

அவளை எல்லோரும் தொண்ணூத்தொம்பது அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கணினியில் அதைக் காலியாக விடக் கூடாது, 99 என்று போட வேண்டும். 99 என்றால் தெரியாது, யாரும் எழுதி வைக்கவில்லை என்று அர்த்தம். சேர்ந்த புதிதில், இந்த ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியை சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. பதிவேட்டில் இல்லாததைக் கையிலிருந்து போடக் கூடாது என்பது இரண்டாவது பாடம். இரண்டையும் அக்கா வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஓதியதில் பேர் ஒட்டிக்கொண்டது.

இந்தத் திட்டம் மாதக் கடைசியோடு முடிகிறது. புது நிதி வந்தால்தான் அறையில் விளக்கு எரியும். தனியாகக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், இரண்டு நிறுவனங்கள் கூட்டாகக் கேட்க வேண்டும் என்பது விதி. அதனால் பேராசிரியை ஒரு பொறியியல் கல்லூரியின் கணக்குப் பேராசிரியரைப் பிடித்திருந்தார். தகவல் இவர்களுடையது, கணக்கு அவருடையது. படிவத்தில் அவருக்கு இணை ஆய்வாளர் என்று பெயர். அறைக்குள் அவர் வெறும் கூட்டாளி. ஒரு நாள்கூட நேரில் வந்ததில்லை, குரல் மட்டும் போனில் வரும்.

அக்காவுக்கு ஆராய்ச்சி எப்படிப் போனாலும் சரி, மருத்துவ அட்டை வேண்டும். வேலை இருக்கும்வரை அட்டை, அட்டை இருக்கும்வரை வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் இந்த வளாகத்திலேயே டயாலிசிஸ். லேத் பட்டறையில் இருபது வருஷம் நின்று வேலை செய்த மனிதர் இப்போது நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவதைப் பற்றி அக்கா நினைக்கவே மாட்டாள். விண்ணப்பத்தின் பணியாளர் பட்டியலில் பதினோராவது வரிசையில், தகவல் உதவியாளர் என்ற பதவிக்கு எதிரே அவள் பேர் இருந்தது. காலையிலிருந்து அந்த வரிசையை நாலு தடவை திறந்து பார்த்துவிட்டாள்.

வட்டம் நின்றது. அடுத்து ஆராய்ச்சிச் சுருக்கம். முந்நூறு சொல்லுக்கு மேல் ஒரு சொல் கூடினாலும் பெட்டி சிவந்துவிடும். கூட்டாளி அனுப்பியிருந்ததை அக்கா பார்த்துப் பார்த்துத் தட்டினாள். நகர மருத்துவமனைகளுக்கு வருகிறவர்கள் நோயின் அறிகுறி தெரிந்து சராசரியாக ஆறு நாளில் வந்துவிடுகிறார்கள், மேட்டுப் பகுதி மக்களோ நாற்பத்தொரு நாள் அலட்சியமாக இருந்துவிட்டு வருகிறார்கள் என்று எழுதியிருந்தார். யார் யார் அப்படித் தாமதிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருளைத்தான் இரண்டு நிறுவனமும் சேர்ந்து செய்யப் போகின்றன.

நாற்பத்தொன்று என்று தட்டியதும் அக்காவின் விரல் நின்றது. மேட்டுப் பகுதி அவளும் வீட்டுக்காரரும் குடியிருக்கும் பக்கம். அங்கே கால் வீங்கினவர்கள் நாற்பது நாள் உட்கார்ந்திருந்து அவள் பார்த்ததில்லை. தகவல் கோப்பைத் திறந்தாள். எத்தனை நாளில் வந்தார் என்ற பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினாள். இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று போய், பெரிய எண்ணாக இருபது வந்தது. அதற்கப்புறம் 99. பிறகு திரை முழுக்க 99.

மேட்டுப் பகுதி மருத்துவமனைகளில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேருக்கு அந்தக் கட்டம் காலி. ஒரே நர்ஸ், வாசல் வரைக்கும் கூட்டம், யார் நின்று நிதானமாகக் கேட்பார்கள்? அதன் அர்த்தம் என்ன என்று கோப்பின் முதல் தாளிலேயே அக்கா எழுதி வைத்திருந்தாள். கூட்டாளியின் ஆட்கள் முதல் தாளைப் புரட்டாமல் நேரே இரண்டாவதுக்குப் போய், தெரியாது என்பதைத் தொண்ணூற்றொன்பது நாளாக்கிக் கூட்டி வகுத்துவிட்டார்கள். 99களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டாள். மேட்டுப் பகுதிக்கு ஐந்து நாள், நகரத்துக்கு நாலு நாள். வித்தியாசமே ஒரு நாள்தான்.

அந்த 99களில் ஒன்று அவளே போட்டது. வீட்டுக்காரரை முதன்முதலில் சேர்த்த அன்றைக்கு அந்தக் கட்டத்தை யாரும் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அந்தப் பதிவேடு பிறகு ஒருநாள் அவள் மேஜைக்கே வந்தது. கால் வீங்கிய மூன்றாம் நாளே பேருந்தில் தோளில் சாய்த்துக் கூட்டிப் போனது அவளுக்கு மறக்குமா? ஆனாலும் பதிவேட்டில் இல்லாததைப் போடக் கூடாதே என்று 99 போட்டாள். நேர்மையாக வேலை செய்கிறோம் என்று அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மணி மூன்றே கால். பேராசிரியையின் அறைக்குப் போய், உட்காராமலேயே விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு அவளோடு வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். முதல் தாளைப் பற்றி யாருமே தன்னிடம் சொல்லவில்லை என்றார் கூட்டாளி. இனிமேல் மாற்றினால் சுருக்கம், படங்கள், மென்பொருள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஒன்றரை மணி நேரத்தில் அது நடக்கிற காரியமா என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், வித்தியாசம் ஒரு நாள்தான்னு எழுதினா யாரு நமக்குக் காசு குடுப்பா? முதல்ல நிதி வரட்டும். வந்தப்புறம் உக்காந்து சரி பண்ணிக்கலாம்."

போனை வைத்துவிட்டுப் பேராசிரியை அறையைச் சுற்றிப் பார்த்தார். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நாலு பேர் வீட்டு அடுப்பும் இந்த நிதியை நம்பித்தான் எரிகிறது. அவர்கள் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். காது மட்டும் இங்கே இருந்தது.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார். "ஆனா பதினோராவது வரிசையில உன் பேரும் இருக்கும்மா. இது போகலைன்னா அடுத்த மாசம் உன் வீட்டுக்காரரை எங்க கூட்டிட்டுப் போவ?"

அக்கா திரையிலிருந்த நாற்பத்தொன்றைக் காட்டினாள். "மேட்டுப் பக்கத்து ஜனம் அலட்சியம்னு ஆயிடுமே மேடம். அவங்களை யாரும் கேக்கவே இல்லையே."

பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மீதிப் பெட்டிகளை நிரப்பி அனுப்பிவிடும்படி சொல்லிவிட்டு, மேலே ஒரு கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார். அன்றைக்கு எந்தக் கூட்டமும் இல்லை. அவருடைய நாட்குறிப்பும் அக்காவின் மேஜையில்தான் இருந்தது.

மீதி வேலையை அவள் கை செய்தது. நாலே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் வந்தது. மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று ஒரு வரி, அதற்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம். மனசு கேட்காமல் சுருக்கத்துக்கு மறுபடி போனாள். கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: 99 என்றால் தெரியாது. பெட்டி சிவந்தது. முந்நூறும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மூன்று சொல்லை எங்கேயாவது எடுக்கலாம்தான். எடுத்துவிட்டு இதைப் போட்டால், படிக்கிற எவனும் அந்த நாற்பத்தொன்றைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பானா? ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனிதரின் கால்கள் கண்ணுக்குள் வந்தன. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, அந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தாள். பெட்டி வெளுத்தது. சின்னக் கட்டத்தில் குறி போட்டு அனுப்பினாள். அன்றைக்கு வீட்டில் அவளால் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை அதிகமா என்று அவர் கேட்டதற்கு ஆமாம் என்றாள்.

முடிவு வர மூன்று மாதம் ஆனது. அதுவரைக்கும் பேராசிரியை யார் யார் காலையோ பிடித்து எல்லோருக்கும் வேலை நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். நிதி கிடைத்தது. அறையில் கைதட்டினார்கள், அக்காவும் தட்டினாள். கூட்டாளி முதன்முறையாக நேரில் வந்தார். வயதில் சின்னவராக, பணிவானவராக இருந்தார். அக்கா எழுதி வைத்த முதல் தாளை அச்செடுத்து வாங்கிக்கொண்டு போனார். இனி எல்லாவற்றையும் சரி பண்ணிவிடுவார் என்று நினைத்தபோது அவள் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது.

பத்து நாள் கழித்துத் திருத்திய திட்டம் வந்தது. நிதி கொடுப்பவர்கள் செலவைக் குறைக்கச் சொன்னார்களாம். நாற்பத்தொரு நாள் அப்படியே இருந்தது. பணியாளர் பட்டியல் பத்தாவது வரிசையோடு முடிந்தது. பட்டியலுக்கு அடியில், விடுபட்ட தகவல்களை இணை ஆய்வாளரின் குழு உருவாக்கிய விதிகளின்படி மென்பொருளே இனங்காணும் என்று ஒரு குறிப்பு. அந்த விதிகளைப் படித்தாள். அவள் எழுதிய முதல் தாள், வரி மாறாமல் அப்படியே இருந்தது. கறிக்குப் போட்ட கறிவேப்பிலை ஆனோம் என்று அவளுக்கு விளங்கியது. பேராசிரியை அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காதான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அட்டை வெள்ளிக்கிழமையோடு செத்தது. செவ்வாய்க்கிழமை, ஒரு முறை தவறி இரண்டாவது முறையும் தவறப்போகிற அன்று, பொது மருத்துவமனை வரிசையில் அவர்கள் நின்றார்கள். விடியும் முன்பே வந்தும் அறுபது பேருக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து குத்துக்காலிட்டிருந்தார். செருப்பு கால்களில் நுழையவில்லை, ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருந்தார்.

பதிவு மேஜைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. இங்கே அவர் புது நோயாளி, ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டும். எழுத்தர் தலை தூக்காமல் பேர், வயது, பகுதி கேட்டார். மேட்டுப் பகுதி என்று அக்கா சொன்னாள். பேனா அடுத்த கட்டத்தைத் தாண்டி அதற்கடுத்ததுக்குப் போனது. தாண்டிய கட்டத்தின் தலைப்பை அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள். எத்தனை நாளில் வந்தார்.

"அதைக் காலியா விடாதீங்க சார்" என்றாள். "கால் வீங்கின மூணாம் நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணுன்னு எழுதிக்கோங்க."

"பின்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்க பாரும்மா. அதையெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"ஒரே ஒரு எண்ணு சார்."

எழுத்தர் சீட்டைக் கிழித்து நீட்டினார். வீட்டுக்காரர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஒரு கட்டத்துக்குப் போய் ஏன் சண்டை, வா என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. அவள் நகராமல் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை இருபத்தைந்து பேர். அந்தப் பத்தி மட்டும் முழுக்க வெள்ளையாக இருந்தது. எழுத்தர் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.