குத்து நிற்கிற நேரம்

முராகோஷி அன்று காலை நெமோத்தோவை முதலில் கன்னத்தில் அறைந்தான். பிறகு கையில் சுருட்டி வைத்திருந்த காகிதக் கட்டால் மண்டையில் ஒன்று போட்டான். ஆபீசில் யாரும் தலையைத் தூக்கவில்லை. தினம் பெய்கிற மழையை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

"மூணு மாசமா திரையில குத்துறான் உன் ஆளு. எதிராளி மூஞ்சியில ஈ வந்து உக்காந்த மாதிரி இருக்கு. காலேஜ்ல இதைத்தான் படிச்சியா?"

"மன்னிச்சிடுங்க, முராகோஷி சான்."

"மன்னிப்புக் கேட்டா குத்துல வலி வந்துடுமா?"

குற்றம் நெமோத்தோவுடையது இல்லை என்று முராகோஷிக்கே தெரியும். அவனும் புரோகிராம் எழுதி மேலே வந்தவன்தான். மீன்பிடித் துறையில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஒசாகாவுக்கு வந்து பச்சின்கோ என்கிற சூதாட்ட எந்திரத்துக்கு ஒயர் பற்றவைத்தவன். பக்கத்தில் இருந்தவன் எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே எழுதக் கற்றான். அவன் தனியாளாகச் செய்த விமானச் சண்டை வீடியோ விளையாட்டு நாடு முழுக்கக் காசு கொட்டியது. காசு முதலாளிக்குப் போனது, இவனுக்கு டைரக்டர் என்ற பட்டம் வந்தது. இப்போது இரண்டு பேர் கைகலக்கிற விளையாட்டு ஒன்றைச் செய்கிறான். விமானத்தில் குண்டு பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும், அது சுலபம். மனிதன் முகத்தில் கை விழுவதைக் காட்ட அவனுக்கு வழி தெரியவில்லை.

முதலாளி இவாசே நேற்று ஆடிப் பார்த்துவிட்டு எழுந்தபோதே சொல்லிவிட்டார். "உன் ஆளுங்க சண்டை போடுறாங்களா, ஒருத்தன் சட்டையில ஒருத்தன் தூசி தட்டுறாங்களா? ஜூசோ கேம் கடையில ஞாயித்துக்கிழமை வரைக்கும் வை. ஜனங்க திரும்ப வந்து காசு போட்டா பொழச்சே. இல்லைன்னா விளையாட்டையும் குப்பையில போட்டுட்டு, நீ கிடங்குல பழைய எந்திரம் துடைக்கப் போ."

முதலாளிகள் கொடுக்கிற வாக்கில் இந்த மாதிரி வாக்கை மட்டும் தவறாமல் காப்பாற்றுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் முராகோஷியும் நெமோத்தோவும் ஜூசோ கேம் சென்டரில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். செய்தவன் யார் என்று அங்கே காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால் ஆடுகிறவன் முகத்துக்காக நல்லதாகச் சொல்லிவிட்டுப் போவான், அடுத்த கம்பெனிக்காரன் காதுக்கும் எட்டிவிடும். அந்தச் சட்டத்தைப் போட்டதே முராகோஷிதான்.

இரண்டு எந்திரங்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. இந்தப் பக்கம் கட்டட வேலைக்காரன் ஒருத்தன், தொளதொள கால்சட்டை, மஞ்சள் சாயம் ஏற்றிய முடி. அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பையன். பையன் திரையில் இவன் ஆளை மூலையில் தள்ளி ஒரே உதையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தான். மஞ்சள் முடி தோற்றான். மறுபடி காசு போட்டு மறுபடியும் தோற்றான்.

"த்தூ! இதெல்லாம் ஒரு அடியா? எங்கம்மா மெத்தையைத் தட்டிக் காயப்போடுறதுல இதைவிட வேகம் இருக்கும்!" என்று எந்திரத்தை எட்டி உதைத்தான். திரும்பினான். அவன் தோளுக்கு மேலே முராகோஷியின் முகம் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா பெரிசு, சிரிப்பா இருக்கா?"

"சிரிக்கல."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரமா என் பிடரியில மூச்சு விடுறே? போலீசா?"

"சும்மா பாக்குறேன்."

"தோத்தவன் மூஞ்சிய சும்மா பாக்குறியா?"

நான்தான்டா இதைச் செய்தவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரை வந்ததை முராகோஷி விழுங்கினான். மஞ்சள் முடி எந்திரத்தின் மேல் இருந்த அலுமினியச் சாம்பல் தட்டை எடுத்து அவன் இடது தாடையில் அறைந்தான்.

எல்லாம் நின்றது. பறந்த சிகரெட் துண்டுகள் அந்தரத்தில் அப்படியே தொங்கின. கடையின் இரைச்சல் அறுந்தது. வலி இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது. பிறகு வாங்கின கடன் எல்லாம் ஒன்றாக வந்து கதவைத் தட்டுவதுபோல் வலி வந்தது. தரையில் விழுந்தவனுக்கு விலாவில் உதை, மறுபடி விலாவில், பிறகு வாயில். பல் ஒன்று நாக்கின் மேல் உருண்டது.

"அடுத்த ஆட்டம் உண்டா இல்லையா?" என்று எந்திரத்துக்கு அந்தப் பக்கமிருந்து கல்லூரிப் பையன் குரல் கொடுத்தான்.

கடைக்காரர் ஓடி வந்து மஞ்சள் முடியைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார். பொம்மை பிடிக்கிற எந்திரத்தின் பக்கத்தில் நெமோத்தோ கால்சட்டைப் பையில் கை விட்டு நின்றவன், நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

தெருவுக்கு வந்து முராகோஷி பல்லைக் கையில் துப்பினான். "ஏண்டா வரல?"

"யாருன்னு காட்டிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. உதட்டுக் காயத்தைவிட அதுதான் முராகோஷிக்கு எரிந்தது. ஆனால் அடிக்கக் கை எழவில்லை. வேறு ஒன்று அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"அது நின்னுச்சுடா."

"எது?"

"எல்லாமும். ஆபீசுக்கு நட."

சாயங்காலத்துக்குள் நெமோத்தோ எழுதிவிட்டான். குத்து பட்டதும் பட்டவன் நிற்பான். ஓட்டிப் பார்த்தார்கள். பட்டவன் கற்சிலையாக நின்றான், குத்தினவன் கை அவனைத் தடவிக்கொண்டு போனது. முன்னைவிடக் கேவலம்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்றான் நெமோத்தோ.

முராகோஷி யோசித்தான். ஞாபகம் வரவில்லை. வீங்கிய வாயால், "என்னை அடி" என்றான்.

"என்ன சொல்றீங்க?"

"அடிடா. நல்லா இருக்கிற இந்தப் பக்கத்துல."

நெமோத்தோ லேசாக ஒன்று வைத்தான்.

"தூசி தட்டுறியா?"

அடுத்தது விழுந்தபோது ஆபீசே தலையைத் தூக்கியது. முராகோஷிக்கு உலகம் நின்றது. நீர் கட்டிய கண்ணால் இன்னொன்றையும் பார்த்தான். நெமோத்தோவின் உள்ளங்கை அவன் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

"உன் கை ஏன் நிக்குது?"

"தெரியல. நகர மாட்டேங்குது."

முராகோஷி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். இந்த அறையில் அது எத்தனை பேர் மேல் விழுந்திருக்கும். ஒரு தடவைகூட நின்றதில்லை. அறைந்துவிட்டு அதே வீச்சில் டீக் கோப்பைக்குப் போயிருக்கிறது.

"ரெண்டு பேரையும் நிறுத்து" என்றான். "அடிக்கிறவனும் நிக்கணும்."

"நேரம்?"

"சரியாப் பிடிபடல. இன்னொண்ணு குடு."

நெமோத்தோ கொடுத்தான். கேட்காமலே அடுத்ததும் கொடுத்தான்.

"இது எதுக்குடா?"

"சரிபார்த்தேன்."

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும் முன்பே எந்திரத்துக்குள் இருந்த புரோகிராம் பலகையை மாற்றினார்கள். மத்தியானம் மஞ்சள் முடி வந்தான். காசு கொடுக்கிறவனைக் கடைக்காரர் எத்தனை நாள் வெளியே நிறுத்துவார்? உட்கார்ந்தான். அவன் ஆளின் முதல் குத்து விழுந்தது. திரையில் இருவரும் இமைக்கிற நேரம் அப்படியே உறைந்தார்கள், பிறகு எதிராளி பறந்தான். மஞ்சள் முடியின் தோள் தானாகத் துள்ளியது.

"டேய்!" என்று கத்தினான். "எலும்பு உடைஞ்சுதுடா! இங்க வந்து பாருங்கடா!"

சுற்றிலும் ஆள் கூடியது. காத்திருப்பவர்கள் இடம் பிடிக்கத் திரையின் விளிம்பில் காசை வரிசையாக அடுக்கினார்கள். மஞ்சள் முடி தோற்றான், திட்டினான், தன் காசையும் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு நின்றான்.

முதலாளி இவாசே வாசலோரம் நின்று அந்தக் காசு வரிசையைத்தான் பார்த்தார், விளையாட்டை இல்லை. "கிடங்குக்கு வேற ஆளைப் பாக்குறேன்" என்றார். போகத் திரும்பியவர் முராகோஷியின் முகத்தைப் பார்த்து நின்றார்.

"கடைக்காரர் சொன்ன அந்தப் பய ரெண்டு பக்கமும் போட்டானா?"

"இல்லை முதலாளி. இடது பக்கம்தான் அவன்." முராகோஷி வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். "இது ஆபீஸ் வேலை."