மஃரிபுக்கு முன் ஒரு தாச்சி எண்ணெய்

என் தங்கை ஜெஸ்லாவுக்குப் பத்து வயது. அவள் முழுதாகப் பிடிக்கும் முதல் நோன்பு அது. விடியுமுன் ஸஹர் சாப்பிடும்போதே என்னிடம் வாக்கு வாங்கிவிட்டாள். நோன்பு திறக்கும்போது சிப்ஸ் இருக்க வேண்டும். கடையில் விற்கும் பாக்கெட் இல்லை. விரல் நீளத்துக்கு வெட்டி, வீட்டில் பொரித்த உருளைக்கிழங்கு.

பின்னேரம் அஸர் தொழுத பிறகு அவள் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"ராத்தா, இன்னும் எவ்வளவு நேரம் ஈக்கி?"

"ரெண்டு மணித்தியாலம்."

"ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சா அல்லாஹ்வுக்குக் கோவம் வருமா?"

"குடி. சிப்ஸ் எல்லாத்தையும் நான் திண்டுர்றேன்."

"சைத்தான் எல்லாம் நோன்புக்குக் கட்டிப் போட்டீக்கிண்டு சொன்னாங்க. நீங்க எப்படி வெளிய ஈக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உம்மா மாத்தளை ஆஸ்பத்திரியில் இருக்கும் ஸுபைதா மாமியைப் பார்க்கப் போயிருந்தார். போகும்போது, "கஞ்சிய மட்டும் சூடாக்குங்க. நான் இல்லாத நேரம் எண்ணெத் தாச்சி வெக்க வாணாம்" என்று சொன்னார். நான் சரி என்றேன். அப்போதே மூன்று பெரிய வெலிமடைக் கிழங்குகளை எடுத்து, சீனி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வாப்பா பள்ளியில்தான் நோன்பு திறப்பார். எங்களைத் தடுக்க வீட்டில் யாரும் இல்லை.

கிழங்கைச் சீவி, வெட்டி, பேசினில் தண்ணீர் நிறைத்து ஊறவைத்தேன். முதல் இரண்டு ஈட்டுக்கு வேண்டியதை எடுத்துத் துணியில் ஒற்றினேன். மீதி தண்ணீரிலேயே கிடந்தது. தாச்சியைக் கேஸ் அடுப்பில் ஏற்றித் தேங்காய் எண்ணெயைப் பாதிக்கு ஊற்றினேன். குசினி ஜன்னலுக்கு வெளியே மிளகுக் கொடிகள் அசையாமல் நின்றன. அலுவிகாரைப் பக்கத்து மலையின் மேல் வெயில் மஞ்சளாகப் படிந்திருந்தது. எண்ணெய்க்குள்ளும் அதே மஞ்சள் இருந்தது.

முதல் பிடி விழுந்ததும் தாச்சி முழுவதும் மழை பெய்யத் தொடங்கியது. தகரக் கூரைக்குக் கீழே நின்று கேட்கிற மழை. துண்டுகள் மூழ்கின. நுரைக்குள் காணாமல் போயின. பிறகு ஒவ்வொன்றாக மிதந்து வந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மெல்லச் சுற்றின. நாக்கு காய்ந்து, வயிறு காலியாக, தலை லேசாக இருந்தது. நான் அங்கே நிற்கவில்லை, அந்தத் துண்டுகளோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஒரு துளி தெறித்து மணிக்கட்டில் சுட்டது. அதுவும் எனக்குத் தூரத்தில் யாருக்கோ சுட்டது போலத்தான் இருந்தது.

இரண்டாவது ஈட்டை வடித்து உப்புத் தூவினேன். மூன்றாவதைப் போடலாம் என்று பேசின் பக்கம் திரும்பியபோது பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னார்கள்.

பாங்கு கேட்டால் யார்தான் நிற்பார்கள்? கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஜெஸ்லா இரண்டு கையிலும் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். துஆ ஓதிப் பழத்தை வாயில் வைத்தோம். தண்ணீர் தொண்டையில் இறங்குவது உள்ளே எல்லா இடத்திலும் கேட்டது. கஞ்சி குடித்தோம். "ராத்தா, நான் முழுசாப் புடிச்சிட்டேன்" என்று அவள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். தொழுதுவிட்டு வந்து சிப்ஸை ஆறுதலாகச் சாப்பிடலாம் என்று முடிவு செய்தோம்.

அடுப்பு என் நினைவில் இல்லவே இல்லை.

தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில் ஒரு கருகல் வாசம் வந்தது. பக்கத்து வீட்டு றுக்ஸானா மாமியும் இந்த நேரத்தில்தான் பொரிப்பார், அங்கேதான் ஏதோ தீய்கிறது என்று எண்ணிக்கொண்டேன். தொழுகையை முறிக்க மனம் வரவில்லை. குனிந்தேன். நெற்றியை விரிப்பில் வைத்தேன். வாசம் விரிப்பிலிருந்தும் வந்தது.

"ராத்தா! தீ!"

தொழுகையை விட்டுவிட்டு ஜெஸ்லா கத்தினாள்.

குசினிக்கு ஓடினோம். தாச்சியின் மேல் தீ நின்றது. சத்தமே இல்லை. உயரமாக, வழவழப்பாக, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதற்குள் ஜெஸ்லா கிழங்கு ஊறிய பேசினைத் தண்ணீரோடு தூக்கிவிட்டாள்.

"ஊத்தாத! ஊத்தாத ஜெஸ்லா!"

அவளுடைய தொழுகை உடுப்பைப் பிடித்து இழுத்தேன். பேசின் தரையில் விழுந்தது. தண்ணீரும் கிழங்கும் எங்கள் காலடியில் ஓடின. தீயில் ஒரு சொட்டும் படவில்லை. என் தொழுகை உடுப்பின் அகலக் கை அடுப்புப் பக்கம் ஆடுவதைக் கண்டு அதைக் கழற்றி எறிந்தேன். மேசைக்குக் கீழே குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். கஞ்சிப் பானையின் மூடியை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் தள்ளித் தள்ளித் தாச்சியை மூடினேன். தீ விளிம்பில் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. பிறகு இல்லை.

மூடியைத் திறக்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. முதலிலிருந்து மறுபடி தொழுதோம். பிறகு பின்வாசற்படியில், சிப்ஸ் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அது ஆறிப்போயிருந்தது.

"தின்னேன். காலையிலருந்து இதுக்குத்தானே இருந்த?"

"எனக்கு வாணா." தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உம்மா எங்களை அப்படியேதான் கண்டார். குசினிக்குள் போனார். கரி பிடித்த சுவரைப் பார்த்தார். திரும்பி வந்து எங்கள் கைகளைப் பிடித்து, உள்ளங்கை, புறங்கை, முழங்கை என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மணிக்கட்டில் இருந்த சிவப்புப் புள்ளியில் அவருடைய பெருவிரல் நின்றது.

"வெக்க வாணாம்டு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னீங்க உம்மா."

ஜெஸ்லா அழத் தொடங்கினாள். "உம்மா, நான் தொழுகைல கத்திட்டேன். என்ட நோன்பு போயிட்டா?"

"நோன்பு தெறந்த பொறகுதானே கத்தின?"

"ஓ" என்று தலையாட்டினாள்.

"அப்ப நோன்பு எங்க போற? முழுசா ஈக்கி. நீ கத்தாட்டி ஒன்ட ராத்தா தீக்குள்ளயே தொழுது முடிச்சு சலாம் குடுத்தீப்பா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். பஸ்ஸில் யாரோ தந்த தண்ணீரில் நோன்பு திறந்தவர், அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மென்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

"உப்புக் கூடிட்டு."

"நோன்போட ருசி பாக்க ஏலாதே உம்மா."

"ம்." மூன்றாவதையும் எடுத்தார்.

ஜெஸ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு உம்மாவின் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு" என்றாள்.

உம்மா தட்டையே தூக்கி அவள் மடியில் வைத்தார்.