கம்பியைப் பிடிக்காமல்

விழுந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வலித்ததுதான் ஞாபகத்தில் இல்லை.

டவுன் பஸ்ஸில் அவள் கண்டக்டர். டிப்போவில் அவளை 'ரைட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். "போலாம் ரைட்" என்று அவள் பின்னாலிருந்து குரல் கொடுத்தால், அவளுடைய டிரைவர் மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கிற வண்டியின் டிரைவரும் கியரைப் போட்டுவிடுவார் என்று கேலி செய்வார்கள். அவள் வண்டியை ஓட்டியவருக்குப் பெயர் 'பொறுமை'. அறுபதை நெருங்கும் மனுஷன். அவர் வண்டியில் நின்றுகொண்டே சூடான டீ குடிக்கலாம், சட்டையில் ஒரு சொட்டுச் சிந்தாது. எத்தனையோ வருஷமாக இருவரும் ஒரே வண்டி. அவளுக்கு அவர் 'அண்ணே', அவருக்கு அவள் 'தங்கச்சி'.

அன்றைக்குக் கூட்டமில்லாத மத்தியானம். அவள் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டுப் பின்னாலிருந்து முன்னால் நடந்து வந்தாள். சந்துக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர்க்காரன் அம்பு மாதிரிக் குறுக்கே பாய்ந்தான். பொறுமை தன் சர்வீஸிலேயே முதல் தடவையாகப் பிரேக்கை முழுசாக மிதித்தார். மிதிக்காமல் இருந்திருந்தால் ஸ்கூட்டர்க்காரன் அங்கேயே போய்ச் சேர்ந்திருப்பான். அவன் தப்பித்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். ரைட்டு எஞ்சின் மூடியில் இடுப்பு மோதி விழுந்தாள். எழுந்திருக்கலாம் என்று காலை ஊன்றப் பார்த்தபோது, கால் இருக்கிற இடத்தில் கால் இல்லாத மாதிரி இருந்தது.

வலது தொடை எலும்பு இடுப்புக்குள் பொருந்துகிற முனையில் உடைந்திருந்தது. அந்த முனையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு பந்தும் கிண்ணமும் வைத்துத் தைத்தார்கள். "ரைட்டுக்கு ரைட் சைடுதான் போகணுமா?" என்று பார்க்க வந்த செக்கர் ஜோக் அடித்தார். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். ரைட்டும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, அதனால் சிரித்தாள்.

அப்போதிருந்தே அப்படித்தான். தையல் போட்ட இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருந்தது. கிள்ளினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை யாரோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். நரம்பு அறுபட்டால் அப்படித்தான், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் டாக்டர். அந்த மரப்பு தொடையோடு நிற்கவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் விடிந்தது, சாயங்காலம் இருட்டியது. சாப்பாடு வாய்க்குள் போயிற்று. பார்க்க வந்தவர்கள் கண்கலங்கினால் அவர்களுக்கு இவள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

அவள் புருஷனுக்கு வெல்டிங் பட்டறை. தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது, முட்டி இடுப்புக்கு மேலே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதுதான் தாமதம், வீட்டிலிருந்த இரும்பு நாற்காலி, கட்டில், ஸ்டூல் எல்லாவற்றின் காலிலும் இரும்புக் குழாயை வைத்துப் பற்றவைத்து உயர்த்திவிட்டார். அவர் குட்டையான ஆள். சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய கால் இரண்டும் சின்னப் பிள்ளைக்கு மாதிரி அந்தரத்தில் ஆடும். அதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

"பழைய மாதிரி இருந்தா இந்நேரம் என்னை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டியிருப்ப," என்றார் அவர்.

"ஓட்டலாம். தோணலை."

"கோபமாவது படேன். அந்த ஸ்கூட்டர்க்காரனை ரெண்டு வார்த்தை திட்டு."

"அவன் மூஞ்சியே எனக்குத் தெரியாதுங்க."

உலோகப் பந்து பொருந்திவிட்டது, தையல் ஆறிவிட்டது, வாக்கரை விட்டுக் கைத்தடி, கைத்தடியை விட்டு வெறுங்கை என்று எல்லாம் முறைப்படி நடந்தது. நொண்டல் மட்டும் போகவில்லை. வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து, சட்டென்று இடது காலுக்குத் தாவிவிடும். சுடுகிற தரையில் ஒற்றைக் காலை மட்டும் வைத்து எடுப்பவளைப் போல நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி கொடுத்த பெண் கெட்டிக்காரி. கண்ணாடிக்கு முன்னால் ரைட்டை ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்த்தாள். நின்றாள். இடுப்பு ஒரு பக்கமாக இறங்கவில்லை.

"பாருங்க, பலம் இருக்கு. நிக்கும்போது நல்லா நிக்கறீங்க. நடக்கும்போது மட்டும் அந்தக் காலை நம்ப மாட்டேங்கறீங்க. பயமா இருக்கா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்னதான் இருக்கு?"

ரைட்டு யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல," என்றாள். அது பொய்யில்லை.

வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் டிப்போ டாக்டர் முன்னால் நீளத் தாழ்வாரத்தில் நடந்து காட்ட வேண்டும். நொண்டினால் வண்டி கிடையாது, டிக்கெட் கட்டுகளை எண்ணி அடுக்குகிற அறையில் ஒரு நாற்காலி. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வண்டிக்கு வந்ததாகக் கதை இல்லை. அதைக் கேட்டபோதும் அவளுக்கு, சரி, நாற்காலி என்றால் நாற்காலி என்றுதான் இருந்தது.

பொறுமை ஒவ்வொரு லீவு நாளிலும் ஒரு பை ஆப்பிளோடு வருவார். உயர்த்திய நாற்காலியில் நுனியில் உட்காருவார். "எப்படி இருக்கு தங்கச்சி?" "இருக்குண்ணே." அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு எழுந்து போவார். அவர் ரோட்டில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார் என்பதைப் புருஷன்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். வண்டிக்குள் ஆள் இருக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தால் கால் பிரேக்கின் மேலேயே நிற்கிறதாம், எடுக்க வரவில்லையாம். கேட்டு வாங்கிக்கொண்டு டிப்போவுக்குள்ளேயே, வண்டிகளைக் கழுவும் கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுத்தும் வேலைக்கு மாறிக்கொண்டாராம். அதைக் கேட்டும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. ஐயோ பாவம் என்று நினைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் பிடிச்சுக்க கம்பி இருக்கற மாதிரி, நேரா, ஒடுக்கமா ஒரு இடம் கிடைச்சா தினமும் நடங்க," என்று பயிற்சிப் பெண் சொன்னபோது ரைட்டுக்கு ஒரே ஒரு இடம்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் மத்தியானமே டிப்போவுக்குப் போனாள்.

கழுவக் காத்து நிற்கும் வண்டிகள் வரிசையாக நின்றன. காலி வண்டிக்குள் ஏறினாள். நல்ல காலை முதலில் வைத்து ஏறுவது, கெட்ட காலை முதலில் வைத்து இறங்குவது என்பது இப்போது யோசிக்காமலே வந்தது. சீட்டுகளுக்கு நடுவே பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து பின்னால் நடந்தாள். சீட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டால் நடை ஒழுங்காக வந்தது. கையை எடுத்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்கிற மாதிரி நொண்டல் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் அலுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். பல் தேய்க்கிற மாதிரி அது ஒரு வேலை.

பொறுமை தூரத்தில் நின்று பார்ப்பார். கிட்டே வர மாட்டார். ஆப்பிள் பையை மட்டும் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அவள் நடந்துகொண்டிருந்த வண்டியின் முறை வந்துவிட்டது. கொட்டகையிலிருந்து ஆள் சத்தம் போட்டான். பொறுமை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இறங்கிக்கம்மா. வண்டியை எடுக்கணும்."

"எடுங்க. நான் இருக்கேன்."

"உக்காந்துக்க, இல்லேன்னா பிடிச்சுக்க."

அவள் இரண்டையும் செய்யவில்லை. அவர் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு எஞ்சின் உறுமியது. கால் எடுக்க வராத மனுஷன் எப்படியோ காலை எடுத்தார். வண்டி நத்தை மாதிரி நகர்ந்தது.

தரை அசைந்ததும் அவள் கால்கள் இரண்டும் தாமாகவே அகன்றன. முட்டிகள் லேசாகத் தளர்ந்தன. வண்டி இடப்பக்கம் திரும்பியபோது கனம் முழுக்க வலது காலில் வந்து இறங்கியது. அந்தக் கால் அதை வாங்கிக்கொண்டது. அவள் சொல்லி அது வாங்கவில்லை. சொல்ல நேரமும் இருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகியது, உடம்புக்குள் எங்கேயோ கிடந்தது எழுந்து வந்துவிட்டது. முன்னால் நடந்தாள். கையில் கம்பி இல்லை. வலது, இடது, வலது.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர் வண்டியை மெல்ல நிறுத்தினார். "தங்கச்சி," என்றார். "நீ நொண்டலை."

"ஏன் நிறுத்தினீங்க?"

"இல்லம்மா, நீ…"

"யார் நிறுத்தச் சொன்னது?" அவள் குரல் வண்டி முழுக்க அதிர்ந்தது. கொட்டகையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தவன் திரும்பிப் பார்த்தான். "எதுக்கெடுத்தாலும் நிறுத்தறது! அப்புறம் வாராவாரம் ஆப்பிள்! எனக்கு ஆப்பிளே பிடிக்காதுண்ணே! பல்லு கூசும்! வீடு பூரா ஆப்பிள் நாத்தம்! எங்க வீட்டுக்காரர் வீணாகக் கூடாதுன்னு ஆப்பிளாத் தின்னு தின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்!"

பொறுமை சீட்டிலேயே திரும்பி உட்கார்ந்தார்.

"நீங்க பிரேக் போட்டது சரி," என்றாள். மூச்சு இரைத்தது. "எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்றேன். சரியாச் செஞ்சவரை நான் எப்படித் திட்டறது? யாரைப் போய்த் திட்டறது நான்?"

"என்னைத் திட்டு."

"உங்களைத் திட்டினா தப்பு."

"தப்பாவே திட்டும்மா. பரவாயில்ல."

திட்டினாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிரேக்கைத் திட்டினாள், ஸ்கூட்டரைத் திட்டினாள், ஒருக்களித்துப் படுக்க முடியாமல் கால் நடுவே தலையணையை வைத்துக்கொண்டு கழிந்த ராத்திரிகளைத் திட்டினாள், குளியலறைக்குப் போக இன்னொருத்தர் கையைப் பிடிக்க வேண்டியிருந்ததைத் திட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. தொண்டை எரிந்தது, அவ்வளவுதான். ஆனால் எரிந்தது என்று தெரிந்தது.

திட்டி ஓய்ந்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு சுத்து போலாமா?" என்று கேட்டார் அவர்.

"போங்க."

கழுவுகிறவன் தலையில் அடித்துக்கொள்ள, வண்டி கொட்டகையைத் தாண்டி டிப்போவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது.

விஷயத்தைக் கேட்ட பயிற்சிப் பெண் முதலில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "யாரைக் கேட்டு ஓடற வண்டியில ஏறினீங்க? மறுபடி விழுந்திருந்தா?" பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். வண்டி ஆடும்போது காலைக் காப்பாற்றிக்கொள்ள மூளைக்கு நேரமில்லை, அதனால் கால் தன் வேலையைச் செய்துவிடுகிறது என்றாள். மெத்தென்ற ஒரு பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் நிற்க வைத்தாள், நடக்க வைத்தாள். வண்டிக்கும் போகச் சொன்னாள், ஒரு கை கம்பிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற கண்டிஷனோடு.

நொண்டல் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. வண்டிக்குள் போய்விடும், கீழே இறங்கியதும் திரும்ப வரும். பிறகு வண்டியிலிருந்து இறங்கிக் கேட் வரைக்கும் வராமலிருந்தது. அப்புறம் தெருமுனை வரைக்கும். களைத்துப்போனால் மட்டும் வந்தது. நடுவில் ஒரு வாரம் எல்லாமே பாழாய்ப்போன மாதிரி பழையபடி நொண்டினாள். அந்த வாரம் அவளுக்கு எரிச்சலாக வந்தது. தட்டை நங்கென்று வைத்தாள். புருஷன் ஆடிக்கொண்டிருந்த காலை நிறுத்திவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

டிப்போ டாக்டர் தாழ்வாரத்தில் அவளை நடக்கவிட்டு, திரும்பி வரச் சொல்லி, இன்னொரு தரம் போகச் சொன்னார். "எந்தக் கால்?" என்று கேட்டார். வலது என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். சந்தோஷப்படும் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம்தான் வந்தது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பொறுமை அதற்குப் பிறகு ரோட்டுக்கு வரவில்லை. "தங்கச்சி, எனக்கு இது போதும்," என்று ரிட்டயர் ஆகும்வரை கொட்டகையிலேயே இருந்துவிட்டார். வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வந்தார். பேச்சு கொஞ்சம் கூடியது. ரைட்டுக்கு வாய்த்த புது டிரைவர் பரபரப்பான ஆள். வண்டி எகிறும், குலுங்கும், வளைவில் சாயும். தொடையில் அந்த உள்ளங்கை அகலத் தோல் கடைசிவரை உணர்ச்சியில்லாமலே இருந்தது. அவள் அதைக் கிள்ளிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்காலம், கடைசி டிரிப் முடிந்து, டிப்போவில் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பாதம் வீங்கியிருந்தது. கெண்டைக்கால் கடுத்தது. எந்தக் கால் என்று குனிந்து பார்த்தாள். இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்தன.