கிஸ்ஸாவுக்கு ஒரு படிவம்

அறுவை அறைக்கும் என் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன சன்னல் உண்டு. டாக்டர் தும்வேசிகே விதைக்குள் ஊசி விட்டு இழுத்த திரவத்தை நர்ஸ் அகெல்லோ அந்தச் சன்னல் வழியாக என்னிடம் நீட்டுவாள். ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து விந்தணு தேடிப் பார்த்து 'இருக்கு' என்பேன், அல்லது 'இல்லை' என்பேன். இல்லை என்றால் விதையைக் கீறிப் பார்க்க டாக்டர் கத்தியை எடுப்பார். கம்பாலாவில் இந்தக் கிளினிக்கில் ஒன்பது வருடமாக என் வேலை இதுதான்.

அன்று காலை குழாயில் ஒட்டியிருந்த பெயர் செம்வாங்கா. பெயரையும் பிறந்த தேதியையும் சத்தமாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. தேதியைப் பார்க்காமலே சொன்னேன். ஐந்து வருடம் அவனுக்கு மனைவியாக இருந்தவள் நான்.

ஐந்தாவது வருடம் அவன் அம்மா உறவுக்காரர்கள் நடுவில் என்னை மலடி என்றாள். அவன் வாழைத் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றான். மறுவாரம் என் பெட்டியை ஒரு வாடகை மோட்டார் சைக்கிளில் கட்டி அப்பா வீட்டுக்கு அனுப்பினான். அடுத்து வந்தவளுக்கு ஒரே வருடத்தில் இரட்டை ஆண் பிள்ளைகள், வாஸ்வாவும் கட்டோவும். இரட்டையரின் அப்பனை எங்கள் ஜனங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் சாலோங்கோ ஆனான், அவள் நாலோங்கோ ஆனாள். எந்தக் கூட்டத்திலும் முதல் நாற்காலி அவனுக்கு வந்தது. இரட்டையருக்குப் பின் பிறக்கும் பிள்ளைக்குக் கிஸ்ஸா என்று பெயர் முன்பே தயாராக இருக்கும், பிள்ளை வர வேண்டியதுதான் பாக்கி. பத்து வருடமாக வரவில்லை. கல்யாணத்திலும் இழவிலும் "கிஸ்ஸா எங்கே?" என்று கேட்டுக் கேட்டே அவனை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

அவன் கோப்பை முந்தின நாள் படித்திருந்தேன். விந்தணு வெளியே வரும் குழாய் இரண்டு பக்கமும் இல்லை. அடைப்பு அல்ல, தாயின் வயிற்றிலேயே உருவாகவில்லை. உள்ளே விந்தணு உண்டு, வெளியே வர வழி என்றைக்குமே இருந்ததில்லை. அப்படியானால் நான் மலடி இல்லை. அப்படியானால் வாஸ்வாவும் கட்டோவும் அவன் பிள்ளைகள் இல்லை. கோப்பை மூடி வைத்தேன். ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இது தெரியவரும்போது அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

துளியை நுண்ணோக்கியில் வைத்தேன். வால்கள் துடித்தன, கூட்டம் கூட்டமாக.

"என்னக்கா, இருக்கா இல்லையா?" சன்னலில் அகெல்லோ. "மனுஷன் காலை அகட்டிக்கிட்டு அரசியல் பேசிக்கிட்டிருக்கார். சீக்கிரம் சொல்லுங்க, எனக்குக் காது வலிக்குது."

இல்லை என்று சொன்னால் போதும், கத்தி இறங்கும். ஆனால் அவன் சதை அறுபட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

"இருக்கு," என்றேன். "நிறைய இருக்கு."

ஒரு மணி நேரம் கழித்து அவன் படுத்திருந்த அறைக்குப் போனேன். தொடைகளுக்கு நடுவில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு கிடந்தான். முகமூடியை இறக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சவெத்தே."

"ஆமா, சாலோங்கோ."

"மண்டி போட்டு வணக்கம் சொல்லத் தெரியாதா? மறந்துட்டியா?"

"இங்க தரை ஈரம்."

சிரித்தான். "சொந்தமா ஒண்ணு சுமக்க வக்கில்ல. ஊரான் பிள்ளையெல்லாம் நீதான் செஞ்சு குடுக்கிறியாமே."

"உங்க குழாயைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்?"

"அடைப்புன்னார்."

"அடைப்பில்ல. பிறக்கும்போதே இல்ல. ஒரு நாளும் உங்களால ஒரு பொண்ணு வயித்துல பிள்ளை தங்கியிருக்க முடியாது. இப்ப வாஸ்வாவை நினைச்சுப் பாருங்க. கட்டோவையும் நினைச்சுப் பாருங்க."

காத்திருந்தேன். அவன் ஐஸ் பையை நகர்த்தி வைத்தான். கூரையைப் பார்த்தான். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தாழ்வாரத்தின் கடைசி வரை போய் நின்றது.

"எனக்குத் தெரியும்," என்றான். "நீ இருக்கும்போதே தெரியும். மூணாவது வருஷமே ஜின்ஜாவுல ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லிட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அம்மா லுபேகாகிட்ட பேசினா. தம்பி ரத்தமும் நம்ம ரத்தம்தானே, குலம் ஒண்ணுதானே. நீ ஒத்துக்கல, இவ ஒத்துக்கிட்டா. எனக்குத் தெரியும்ங்கிறது இவளுக்குத் தெரியாது. நீ எதையாவது உளறி வைக்காத. வீடு நல்லா ஓடிக்கிட்டிருக்கு."

நான் அந்த வீட்டில் இருந்தபோது, ஒரு மத்தியானம் அவன் தம்பி லுபேகா மீன் வாங்கிக்கொண்டு வந்தான். செம்வாங்கா ஊரில் இல்லை. டீ ஆறும்வரை சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். மாவு கிளறும் கட்டையால் அடித்தேன். செம்வாங்கா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "அடிச்சியா?" என்று மட்டும் கேட்டான். பெருமையாகக் கேட்கிறான் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப எல்லாரும் என்னை மலடின்னு சொன்னப்போ?"

"யாராவது ஒருத்தர் மேல போடணும்ல, சவெத்தே." ரொம்ப மெதுவாக, ஆறுதல் சொல்வதுபோல் சொன்னான்.

நான் வெளியே வந்தேன். நாலோங்கோவிடமிருந்து காலையில் எடுத்த பதினொரு முட்டைகள் வெப்பப் பெட்டியில் இருந்தன. சாயங்காலத்துக்குள் விந்தணுவைச் செலுத்தாவிட்டால் வீண். அதற்கு முன் இருவரும் சேர்ந்து இன்னொரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதை எங்கள் லுகாண்டா மொழியில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம். அதில் குறைக்குக் காரணம் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை நாங்கள் யாரும் படிப்பதில்லை. ஒருமுறை படித்ததால் இரண்டு குடும்பங்கள் வாசலிலேயே அடித்துக்கொண்டதிலிருந்து டாக்டரும் கண்டுகொள்வதில்லை.

நாலோங்கோவைச் சக்கர நாற்காலியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னேன். மெலிந்த பெண், மயக்கம் முழுதும் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

நிதானமாகப் படித்தேன். பெயர், வயது, முட்டைகளின் எண்ணிக்கை. பிறகு அந்த வரி. அவன் அம்மா கேட்டிருந்தாலும் புரிந்திருக்கும், அத்தனை எளிய லுகாண்டாவில் சொன்னேன்.

"கணவருக்கு விந்துக் குழாய் பிறவியிலேயே இல்லை. இன்றுவரை இயற்கையாக அவருக்குக் குழந்தை உண்டாக வழி இருந்ததில்லை."

அவள் விரல்கள் போர்வையைச் சுருட்டின. அவன் என்னைப் பார்த்தான். பார்க்க வேண்டும் என்று நான் வந்த முகம் அதுதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "சாலோங்கோ, அவங்க படிச்சது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

அவன் வாயைத் திறந்தான். புரிந்தது என்றால் அவள் பொய் வெளியே வரும், முன்பே தெரியும் என்றால் அவன் பொய் வெளியே வரும். மூடிக்கொண்டான்.

"கையெழுத்துப் போடு, செம்வாங்கா," என்றேன். "முட்டை காத்துக்கிட்டிருக்காது."

போட்டான். பேனாவை வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவள் நிமிர்ந்து என்னை உற்றுப் பார்த்தாள். "நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா," என்றேன். அது உண்மை. அவள் கையெழுத்துப் போடும்வரை அங்கேயே நின்றேன்.

இரண்டு மணிக்கு நுண்ணோக்கி முன் உட்கார்ந்தேன். துளியில் இருந்தவற்றில் நேராக நீந்துவதாக, தலை ஒழுங்காக இருப்பதாக ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இத்தனை கவனமாக நான் யாருக்கும் வேலை செய்ததில்லை. கிஸ்ஸா பிறக்க வேண்டும். செம்வாங்காவின் மூக்கோடும் நெற்றியோடும் பிறக்க வேண்டும். லுபேகாவின் சாயல் உள்ள அந்த இரண்டு பையன்களின் நடுவில், புருஷனும் பெண்டாட்டியும் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கும்படி, அந்த வீட்டிலேயே வளர வேண்டும்.