பேர் ஒன்று, பிறந்த வீடு வேறு

விண்வெளிக்கென்றே செய்யும் சிப்பு கைக்கு வர ஒன்றரை வருடம் ஆகும் என்றார்கள். செயற்கைக்கோளுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. வாஷிங் மெஷினில் போடும் சாதாரண சிப்பு கதிர்வீச்சைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் வேலை, சோதனைக்கூடத்துப் பொறியாளரான அவள் தலையில் விழுந்தது.

பத்து சிப்புகளைப் பலகையில் பொருத்தி, மின்சாரம் ஓடவிட்டபடியே, கதிர்வீச்சு பாய்ச்சும் கோபால்ட் அறைக்குள் வைத்தாள். ஒன்றரை மீட்டர் கான்கிரீட் சுவருக்கு இப்பால் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மதியம் ஏழு சிப்புகள் இழுக்கும் மின்சாரம் எட்டு மில்லியாம்பில் அசையாமல் நின்றது. மூன்றில் மட்டும் காய்ச்சல் கண்டதுபோல் ஏறி முப்பதைத் தொட்டது.

திட்டத் தலைவர் தாளைப் பார்த்தார். "சராசரி எடுத்தா எல்லைக்குள்ளதானேம்மா வருது? பாஸ்னு எழுதிடு."

"விண்வெளிக்குப் போறது சராசரி இல்ல சார், ஒரே ஒரு சிப்பு. அது இந்த ஏழுல ஒண்ணா, மூணுல ஒண்ணான்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்போ வேண்டாம்னு எழுது. ஏதாவது ஒண்ணு சொல்லு."

"காரணம் தெரியட்டும் சார். இன்னும் மூணு வாரம் டைம் குடுங்க."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை, சிப்புகளைப் பெரிதாக்கி எடுத்த படங்களைக் கைப்பேசியில் கணவனிடம் நீட்டினாள். அவன் வாஷிங் மெஷின் மெக்கானிக். எவை கெட்டவை என்று அவள் சொல்லவில்லை.

"இதுல ஏதாவது வித்தியாசம் தெரியுதாங்க?"

அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "இது, இது, அப்புறம் இது. மூணும் வேற."

அவள் எண்களைச் சரிபார்த்தாள். அதே மூன்று. "எப்படிச் சொல்றீங்க?"

"மூலையில இருக்கற குழியைப் பாரு, சின்னதா இருக்கு. மேல அச்சடிச்சிருக்கறதுல ரெண்டாவது வரியில கடைசி எழுத்தும் வேற. பேரு ஒண்ணு, பொறந்த வீடு வேற. ரெண்டு ஃபாக்டரியில பண்றாங்க. மெஷினுக்கு எதைப் போட்டாலும் ஓடும். தினம் மாத்தறவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

அவன் சொன்னதை அவள் அப்படியே எழுதிவிடவில்லை. தயாரிப்பாளரிடம் கேட்டாள், இரண்டு தொழிற்சாலைகள் உண்டு என்று பதில் வந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் இருபது சிப்புகள் வாங்கி மறுபடி கோபால்ட் அறைக்கு அனுப்பினாள். சின்னக் குழிச் சிப்புகள் இருபதும் பாதி வழியிலேயே மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கின. மற்ற இருபதும் தேவைப்பட்டதைப்போல் இரண்டு மடங்கு கதிர்வீச்சைத் தாங்கி நின்றன; அந்தத் தொழிற்சாலைச் சிப்பை மட்டும் பாஸ் என்று எழுதினாள்.

ஆய்வுக் கூட்டத்தில் தலைவரே எழுந்தார். "சராசரி போட்டு எழுதச் சொன்னது நான்தான். முடியாதுன்னது இவங்க." கைதட்டல் அடங்கியதும், "வித்தியாசத்தை யாரும்மா கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர் சார். வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவர்." குரல் சற்று உரக்கவே வந்தது. அறிக்கையின் நன்றிப் பக்கத்திலும் அவன் பெயரோடு அந்தத் தொழிலைத்தான் போட்டிருந்தாள்.

பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன் கண்ணாடியைத் தேடி மாட்டினான்.

"பேருக்கு முன்னால டாக்டர் கீக்டர்னு போட்டுடலையே?"

"மெக்கானிக்னுதான் போட்டிருக்கேன்."

அவன் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தான். மறுநாள் அவன் போன மூன்று வீடுகளிலும், மெஷின் சரியானதோடு, செயற்கைக்கோள் கதையும் சேர்ந்து கிடைத்தது.