ஓரத்தில் நசுங்கிய எழுத்துகள்

இறால் கொம்பனியில் பகல் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை வைத்துவிட்டு வருகிறவளுக்கு மாலையில் பென்சில்கூடக் கனக்கும். இருந்தும் என் மகளின் கொப்பியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ருஷ்தா இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கையெழுத்து திங்கட்கிழமைக்குள் திருந்தாவிட்டால் அவளை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு இருத்தப் போவதாக வகுப்பாசிரியை லெய்லா டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்த நாளிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

கொப்பியைப் பார்த்தால் யாருக்கும் ஆத்திரம் வரும். வரியின் வலப்பக்கத்தில் எழுத்துகள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். இடப்பக்க ஓரத்திலோ, கல்பிட்டி பஸ்ஸில் கடைசியாக ஏறினவர்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று நசுங்கி நிற்கும்.

அவள் குர்ஆன் ஓதப்பள்ளி விட்டு வந்ததும் எழுத வைப்பேன். நான் அடுப்படியில் நிற்பேன். அவள் எழுதி முடித்துக் கொண்டுவந்து காட்டுவாள். ஏசிவிட்டு, அழித்து எழுதச் சொல்வேன். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். உடம்பு ஓய்ந்தாலும் என் வாய் ஓயாது. ஒருநாள் கழுதை என்றும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சமைக்கவும் தெம்பில்லை. கடையில் வாங்கின பாணும் பருப்பும் வைத்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் பாயில் சரிந்தேன். அதுவரை எழுதி முடித்ததைத்தான் பார்த்திருக்கிறேன். நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற டீச்சரும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

'எங்கள் பாடசாலை அழகானது' என்று எழுத வேண்டும். ருஷ்தா பிஸ்மி சொன்னாள். வரியின் வலக்கோடியில் முதலில் பெரிதாக 'து' போட்டாள். அதற்கு இடப்பக்கம் 'ன'. பிறகு 'கா'. இப்படியே பின்னால் நகர்ந்து போய், கடைசியில் மிஞ்சிய விரலிடை இடத்தில் 'எங்கள்' முழுவதையும் திணித்தாள்.

ஏன் அந்தப் பக்கமிருந்து தொடங்குகிறாய் என்று கேட்டேன்.

"நல்ல காரியமெல்லாம் வலப்பக்கத்தால தொடங்கோணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க உம்மா."

நான்தான் சொன்னேன். செருப்புப் போடும்போதும் சட்டை மாட்டும்போதும் தினமும் சொல்கிறேன். அவள் ஓதுகிற அரபுக் கிதாபும் வலப்பக்கத்திலிருந்துதான் ஓடுகிறது. என் பேச்சைக் கேட்டதற்காகவா பிள்ளையை இத்தனை நாள் வதைத்தேன்?

தமிழை மட்டும் இடப்பக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்றேன். அவள் பென்சிலை அசைக்கவில்லை.

"அப்ப தமிழ் எழுதுறது நல்ல காரியம் இல்லையா உம்மா?"

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"பென்சில் வலக்கையிலதானே இருக்கு மகள். அது போதும்."

கையையும் பென்சிலையும் பார்த்தாள். பிறகு இடக்கோடியில் 'எ' போட்டாள். எழுத்துகள் முட்டி மோதாமல் வரிசையாகப் போயின. இப்படி எழுதினால் நாளைக்கு அவளை யாரும் கீழ் வகுப்புக்கு அனுப்பமாட்டார்கள். வரி முடிந்தபோது வலப்பக்கத்தில் இடம் மிஞ்சியிருந்தது. ருஷ்தா அதைக் கண்டு பயந்துபோய், இதில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள்.

"ஒண்டும் வேணாம் மகள். அது சும்மா கிடக்கட்டும்" என்றேன். பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டு, தள்ளிப் படுத்தேன்.