ஆவிப்பெட்டிக்குள் குட்டி

கண்ணாயிரம் மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் கம்பம் ஏறியவர். பதினோராயிரம் வோல்ட் லைனுக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாக வெற்றிலை போட்டவர் என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் லைனில் சப்ளை இல்லாதபோது. அந்த விவரமெல்லாம் யாருக்கு வேண்டும்? மின்சாரம், பாம்பு, மேலதிகாரி எதற்கும் நடுங்காத அந்த மனிதரை நடுங்க வைக்க இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குரங்கு.

ஆசிரமத்துக்குப் பின்னால் மலையடிவாரத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு குரங்குக்குப் பயப்படுவது, கடலோரத்தில் குடியிருந்துகொண்டு அலைச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. என்ன செய்வது? ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒன்று அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நாலு ஊசி போட்டார்கள். அவர் சொல்லும்போது அது நாற்பது ஆகிவிடும். அத்தனையும் தொப்புளைச் சுற்றி.

அவருடைய இப்போதைய பெருமை ஒரு அடுப்பு. மாடி அறையில் இரண்டு வருஷம் குடியிருந்த இத்தாலிக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. பழைய டிவிப் பெட்டி அளவு இருக்கும். கண்ணாடிக் கதவு பீரோக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். லேசாகத் தட்டினால் காந்தம் இழுத்து டப்பென்று மூடிக்கொள்ளும். ஓரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு சின்னத் தொட்டி. மேகப் படத்தைத் தொட்டால் ஆவி, சூரியப் படத்தைத் தொட்டால் அனல், இரண்டையும் தொட்டால் முதலில் அவித்துப் பிறகு சுட்டும் கொடுக்கும். அவருடைய மனைவி பொன்னி அதற்கு ஆவிப்பெட்டி என்று பேர் வைத்து, மூன்றடி தள்ளியே நடந்தாள்.

"அது மூச்சு விடுதுங்க. நான் பாத்தேன்."

அன்றைக்குப் பொன்னி வேங்கிக்காலில் தங்கை மகள் அருணாதேவியின் புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பினாள். ஆறு சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டு வாசலில் நின்று சொன்னாள்.

"நாலரைக்கு வந்துடுவேன். கிழங்கைக் குக்கர்ல போட்டு வைங்க. அந்தப் பெட்டிகிட்ட போவாதீங்க. சமையக்கட்டு ஜன்னலைச் சாத்தி வைங்க."

மூன்று கட்டளை. கண்ணாயிரம் மூன்றையும் மீறினார்.

கிழங்குகளைப் பெட்டிக்குள் அடுக்கினார். இருபது நிமிடம் ஆவி, இருபது நிமிடம் அனல் என்று அமைத்தார். பொன்னி வந்து செருப்பைக் கழற்றும்போது சுடச்சுட நீட்ட வேண்டும் என்று, சரியாக மூன்று ஐம்பதுக்குத் தானாக எரியத் தொடங்கும்படி நேரமும் வைத்தார். அவள் வந்து எதையாவது அமுக்கி அணைத்துவிடக் கூடாதே என்று சாவிப் படத்தை அழுத்தி, படங்கள் இருக்கும் பலகையைப் பூட்டினார்; கதவு மட்டும் எப்போதும்போலத் திறக்கும். பூட்டத் தெரியும். திறக்கத்தான் தெரியாது, போன தடவை எல்லா இடத்திலும் குத்திக் குத்தி அரைமணி நேரம் கழித்துத் திறந்தது.

மூன்றரை மணிக்கு, கைநிறையப் பச்சை வேர்க்கடலையும் போடலாமே என்று கதவைத் திறந்தார். போட்டார். அதற்குள் கூடத்தில் செல்போன் அடித்தது. கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினார்.

தேரடி வீதியில் பீரோக் கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷா. நாற்பது வருஷச் சிநேகிதம்.

"இன்னாப்பா, உன் வெளிநாட்டு அடுப்பு எப்படிக் கீது?"

"பாய், நீ இட்லிக் குண்டானைத் தூக்கிப் பரண்ல போடு. கிழங்கு வெச்சிருக்கேன் பாரு, ஆவி நூறு டிகிரில நாலா பக்கமும் பாயும். இந்தியாவுலயே இப்படி ஒரு கிழங்கு எவனும் தின்னிருக்க மாட்டான். உரிக்கவே வாணாம். தோல் தானா கழண்டு வரும் பாய், தோல் தானா..."

சமையலறையில் டப்பென்று ஒரு சத்தம்.

போனைக் காதில் வைத்தபடியே போய் எட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியாக மலையே இறங்கி வந்திருந்தது. உண்மையில் ஆறு குரங்குகள். ஆனால் அந்த நிமிடம் கண்ணாயிரத்தின் கண்ணுக்கு அறுபது தெரிந்தது, அறுபதுக்கும் பல் இருந்தது. ஒன்று பருப்பு டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. குண்டாக இருந்த ஆண் குரங்கு, சுவர் சுவிட்சுக்குப் பக்கத்தில், ஆவிப்பெட்டியின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. கதவைத் தட்டி மூடியது அதன் வாலோ காலோதான்.

ஒரு தாய்க் குரங்கு மட்டும் எதையும் தின்னவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு முகம் இருந்தது. உள்ளங்கை அகலம். சுருங்கிய நெற்றி, விரிந்த காது.

கண்ணாயிரம் பலகையில் எரிந்த எண்களைப் பார்த்தார், ஆவி தொடங்க இன்னும் மிச்சமிருந்த நேரம். பதினேழு நிமிடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினாறு ஐம்பத்தொன்பது.

தோல் தானா கழண்டு வரும் என்று இப்போதுதான், இதே வாயால், சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"யோவ், இன்னா சத்தம்?" என்றார் கவுஸ் பாஷா.

"பாய்... குரங்கு."

"வெரட்டு."

"ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு பாய். குட்டி."

"எதுக்குள்ள?"

"அடுப்புக்குள்ள."



"ஆஃப் பண்ணுய்யா!"

"பூட்டிட்டேன் பாய். தொறக்கத் தெரியல."

"சுவிட்சு?"

"சுவிட்சாண்ட தலைவரு உக்காந்துகினு கீறாரு."

"கதவையாவது தொறந்து தொலையேன்!"

கண்ணாயிரம் ஒரே ஒரு அடி வைத்தார். தலைவர் வாயைத் திறந்து காட்டினார். நாயின் பல்லெல்லாம் அதன் முன்னால் பால்பல். கெண்டைக்காலில் பழைய தழும்பு தானாகத் துடித்தது. வைத்த காலை எடுத்த வேகத்தில் கூடத்துச் சோபாவில் வந்து விழுந்தார்.

"நான் கடையச் சாத்திட்டு வரேன்," என்றார் கவுஸ் பாஷா. "பத்து நிமிஷம்."

தேரடியிலிருந்து செங்கம் ரோட்டைப் பிடித்து வர, அந்த ஸ்கூட்டருக்கு அரைமணி நேரமாவது வேண்டும். அது பாதி வழியில் நின்று யோசிக்கும் வண்டி.

கண்ணாயிரம் பூஜை அலமாரியிலிருந்த வாழைச்சீப்பை எடுத்து வாசலுக்கு வெளியே வீசினார். மூன்று குரங்குகள் அவருடைய தோளை உரசிக்கொண்டு பாய்ந்து போயின. உரசிய இடத்தில் உயிர் போய்த் திரும்பி வந்தது. தலைவர் அசையவில்லை. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு நிமிடம்.

ஒட்டடைக் கம்பை நீட்டிக் கதவுப் பிடியைக் கொக்கி போட்டு இழுக்கப் பார்த்தார். கம்பு பிடியில் சிக்காமல் ஆடியது. தலைவர் அந்தப் பக்க நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. கம்பு தலைவருடையதாகிவிட்டது. எட்டு நிமிடம்.

உள்ளே குட்டி கண்ணாடியைத் தட்டியது. சத்தம் வெளியே வரவில்லை. சத்தம் வராததுதான் தாங்கவில்லை. தாய், குட்டியின் கை பட்ட இடத்திலெல்லாம் வெளியிலிருந்து தன் கையை வைத்து வைத்துப் பார்த்தது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பிக் கண்ணாயிரத்தைப் பார்த்தது. பல்லைக் காட்டவில்லை. வெறுமனே பார்த்தது.

அந்தப் பார்வைக்கு ஒரு கடியே தேவலை என்று தோன்றிவிட்டது.

உள்ளறைக்கு ஓடினார். ஹெல்மெட்டை மாட்டினார். வேகாத வெயிலில் மழைக்கோட்டைப் போட்டார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, வேலைக்கால ரப்பர் கையுறைகளைத் தேடி எடுத்தார். ஐந்து நிமிடம்கூட இருக்காது. வலது கையை உள்ளே நுழைத்தபோது பழைய ரப்பர் வாசனையும் பவுடர் வாசனையும் மூக்கில் ஏறின. கம்பத்தடியில் நின்று இதை மாட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் வாய் ஒரு வாக்கியம் சொல்லும். முப்பத்து நாலு வருஷமாகச் சொன்ன வாக்கியம். இப்போதும் அவரைக் கேட்காமலே சொன்னது.

"முதல்ல சப்ளைய நிறுத்து."

கண்ணாயிரம் அப்படியே நின்றார். பத்து நிமிடத்துக்கு மேல் பித்துப் பிடித்தாற்போல் ஓடியிருக்கிறார். வாசலில் இருக்கும் ஃபியூஸ் ஞாபகத்துக்கே வரவில்லை.

வாசலுக்குப் பறந்தார். மீட்டர் பெட்டியின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து, அவர் வீசிய பழத்தையே தின்றுகொண்டிருந்தது. அதன் வால் சரியாக ஃபியூஸுக்கு முன்னால் தொங்கியது. அந்த வாலை ஒதுக்காமல் கை உள்ளே போகாது.

கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாமலையாரைக் கூப்பிட்டார், குலதெய்வத்தைக் கூப்பிட்டார், ஓய்வுபெற்றுப் போன தன் பழைய உதவிப் பொறியாளரைக்கூடக் கூப்பிட்டார். கையை நீட்டினார். ஏதோ ஒன்று வெதுவெதுப்பாக மணிக்கட்டின் மேல் சரிந்தது. ஹெல்மெட்டின் மேல் டக், டக் என்று இரண்டு தட்டு விழுந்தது. விரல்கள் ஃபியூஸைப் பிடித்துவிட்டன. இழுத்தார்.

வீட்டுக்குள் மின்விசிறி சுற்றிச் சுற்றி அடங்கியது.

சமையலறைக்குத் திரும்பி வந்து பார்த்தார். எண்கள் இல்லை, பலகை இருண்டிருந்தது. ஆனால் கண்ணாடி உள்ளே பனி மூடி வெளுத்திருந்தது. முகம் தெரியவில்லை. ஒருவேளை பிந்திவிட்டாரோ? ஆவி வந்துவிட்டதோ? காதைத் தீட்டிக் கேட்டார். உஸ் என்ற சத்தம் இல்லை. எதுவுமே இல்லை.

பிறகு அந்த வெள்ளையில் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு. உள்ளேயிருந்து ஒரு விரல் துடைத்த கோடு. பனி, குட்டியின் மூச்சு.

கண்ணாயிரம் அதற்குமேல் யோசிக்கவில்லை. முட்டி போட்டு நகர்ந்தார். தலைவர் மேலேயிருந்து உறுமினார். அந்த மூச்சு ஹெல்மெட் கண்ணாடியில் பட்டது. ரப்பர் கையை நீட்டினார். தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. கட்டை விரலை, இரண்டு கையாலும், இறுக்கமாக. இப்போது கடிக்கும், இதோ கடிக்கும் என்று எலும்பு வரை கூசியது. கடிக்கவில்லை. பிடித்த பிடியோடு அவர் கதவை இழுத்தார்.

குட்டி ஒன்றும் அவசரப்படவில்லை. ஒரு கிழங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் வேர்க்கடலைத் தோலாக, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. தாய் அதை ஒரு காலைப் பிடித்து வெளியே இழுத்து வயிற்றில் ஒட்டிக்கொண்டது. அடுத்த விநாடி ஜன்னலில் வானம் மட்டும்தான் இருந்தது. தலைவர் கடைசியாக, ஒட்டடைக் கம்பையும் எடுத்துக்கொண்டு போனார்.

நாலரைக்குப் பொன்னி வந்தாள். பின்னாலேயே வியர்த்து வழிய கவுஸ் பாஷாவும் வந்தார். ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாகத் தரையில் உட்கார்ந்திருந்த கணவரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாங்க கோலம் இது? கரண்டு இல்லையா?"

கண்ணாயிரம் கோட்டுப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். குரங்கு எண்ணிக்கை அறுபதிலேயே நின்றது. ஏற்றிச் சொல்லத் தெம்பில்லை.

கவுஸ் பாஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊருல கீற பீஸெல்லாம் கழட்டின ஆளு, சொந்த வீட்டு பீஸு எங்க கீதுன்னு தெரியாம ஓடிக்கீறான் பாரும்மா!"

பொன்னி சிரிக்கவில்லை. ஆவிப்பெட்டிக்குப் பக்கத்தில், மூன்றடியைத் தாண்டி, முதல் தடவையாகப் போனாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சுதான் கீது. ஒண்ணக் காணும். சரி, பீஸைப் போடுங்க. இன்னாதாங்க பண்ணுது இதுன்னு பாக்கலாம்."

கண்ணாயிரம் கிழங்குகளையும் தட்டையும் தேய்த்துக் கழுவினார், உட்புறத்தைத் துடைத்தார். ஜன்னலைச் சாத்தினார். டார்ச் அடித்து உள்ளே ஒரு தடவை பார்த்தார், மூடினார், திறந்து மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை கையை விட்டு நாலு மூலையையும் தடவினார். சாவிப் படத்தின் பக்கம் விரலே போகவில்லை. மதில்மேல் அந்தத் தாய், குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபியூஸைப் போட்டபோது பலகைப் பூட்டும் தானாகப் போயிருந்தது. மேகப் படத்தையும் சூரியப் படத்தையும் தொட்டார். கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்று ஆவி சீறியது. மதில் ஒரே நொடியில் காலியாகிவிட்டது.

கண்ணாயிரம் நாற்பது நிமிடமும் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

பொன்னி ஒரு கிழங்கை எடுத்து ஊதி ஊதிப் பிட்டாள். பாகு வழிந்தது. கவுஸ் பாஷா ஒரு வாய் தின்றுவிட்டு, "யா அல்லா," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"நெஜந்தாங்க," என்றாள் பொன்னி, முகமெல்லாம் மலர்ந்து. "உரிக்கவே வாணாம். பாருங்களேன், தோல் தானா கழண்டு வருது."

கண்ணாயிரம் தன் பங்கை அப்படியே நகர்த்தி வைத்தார்.

"நீங்க தின்னுங்க," என்றார். "எனக்குத் தோலோட இருந்தாதான் புடிக்கும்."